முத்திரையைப் படித்துவிட்டு நகருங்கள்

(நாகலாபுரம் படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியது)



என்னை உங்களில் பல பேருக்குத் தெரியும். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் நாம். நான் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இரண்டு தடவை போனேன். முதல் தடவை கைநாட்டு வைத்துப் போனேன். இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டுப் போனேன். அந்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று நம் மையத்து சார் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னால் விடிந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரையைப் பற்றி.

நம் ஊரில் பஸ் ஏறுகிறோம். சுருட்டப்பள்ளி தாண்டுகிறோம். ஊத்துக்கோட்டை வந்துவிடுகிறது. ஆந்திரா முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிட்டது. யாராவது நம்மை நிறுத்தினார்களா? "எங்கே போகிறாய்? எப்போது திரும்புவாய்?" என்று கேட்டார்களா? இல்லை. கடைக்குப் போகிறோம், பெண் பார்க்கப் போகிறோம், திரும்பி வருகிறோம். 1960-ல் இந்தப் பக்கத்தில் மாநில எல்லையையே மாற்றினார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போனது. வேறு சில ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன. அப்போதும் நம் சனங்கள் போவதும் வருவதும் நிற்கவில்லை.

நாட்டின் எல்லை அப்படி இல்லை. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் போக இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. மற்ற நாடுகளுக்கு வேண்டும். போகும்போது நம் நாட்டில் ஒரு முத்திரை. அங்கே இறங்கியதும் அந்த நாட்டில் ஒரு முத்திரை. திரும்பும்போது அங்கே ஒன்று, இங்கே ஒன்று. ஒரு முறை போய் வந்தால் மொத்தம் நான்கு முத்திரை.

பாஸ்போர்ட், விசா, முத்திரை மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நானும் குழம்பியவள்தான். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போகிறீர்கள். நீங்கள் இன்னார் மகள், இன்ன ஊர் என்று சொல்கிறீர்களே, அது பாஸ்போர்ட். உங்களுக்கு வந்த பத்திரிகை, அது விசா. "வரலாம்" என்கிற அழைப்பு. அவ்வளவுதான். பத்திரிகை வந்ததாலேயே நீங்கள் கல்யாணத்துக்குப் போனதாக ஆகாது. போனதற்கு ஆதாரம் எது? மொய் நோட்டு. அதில்தான் பெயர் ஏறுகிறது. முத்திரை என்பது அந்த மொய் நோட்டு எழுத்து மாதிரி. இந்த ஆள், இந்தத் தேதியில், இந்த வாசல் வழியாக உள்ளே வந்தார். இந்தத் தேதியில் வெளியே போனார். இதைத்தான் முத்திரை சொல்கிறது. அதில் வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அதுதான் பிறகு சாட்சி.

முதல் பயணத்தைச் சொல்கிறேன். 2005-ம் வருஷம். எனக்கு 32 வயது. வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தார். இரண்டு பிள்ளைகள். வட்டிக்கு வாங்கி ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டினோம். துபாயில் வேலை, முறையான விசா என்று சொன்னார். பாஸ்போர்ட் எடுத்ததும் அவரே வாங்கி வைத்துக்கொண்டார். விமானம் ஏறுகிற நாளில்தான் என் கையில் கொடுத்தார். "வேலைக்குப் போகிறேன் என்று சொல்லாதே. சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்" என்றார். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொய் எதற்கு என்று புரிய இரண்டு வருஷம் ஆனது.

அது வேலை விசா இல்லை. விசிட் விசா. இரண்டு மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய விசா. அதில் தெளிவாக அச்சடித்து இருந்ததாம். என் கையில்தான் இருந்தது. விமானத்தில் நாலு மணி நேரம் என் மடியிலேயே இருந்தது. நான் அதைத் திறந்து என் போட்டோவை மட்டும் பார்த்தேன்.

துபாயில் இறங்கினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் டக்கென்று ஒரு முத்திரை குத்தினார். வெளியே ஒருவர் நின்றார். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். வீட்டில் விட்டார். அந்தப் பாஸ்போர்ட்டை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது. எனக்குத் தெரியாது. விசா தீர்ந்த பிறகும் தங்கினால் அங்கே நாளுக்கு இவ்வளவு என்று அபராதம் ஏறும். 2022-ல் ஐக்கிய அரபு நாடு இதை நாளுக்கு 50 திர்ஹாம் என்று ஒரே கணக்காக ஆக்கியது. 100 நாள் என்றால் 5,000 திர்ஹாம். நான் இருந்த காலத்தில் கணக்கு வேறு. ஆனால் ஏறுவது ஏறிக்கொண்டேதான் இருந்தது. நான் பாத்திரம் தேய்க்கிறேன், துணி துவைக்கிறேன். என் தலைமேல் கடன் ஏறுகிறது. சம்பளம் நாலைந்து மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு நின்றது. கேட்டால், "உனக்குக் காகிதமே இல்லை. வெளியே போனால் போலீஸ் பிடிக்கும்" என்றார்கள். அது பொய் என்றும் சொல்ல முடியாது. அதுதான் கொடுமை.

2007-ல் அந்த நாட்டு அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது. காகிதம் இல்லாமல் தங்கியவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்றார்கள். பக்கத்து வீட்டு டிரைவர், மலையாளத்து அண்ணன், அவர்தான் எனக்குச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டை விட்டு வந்தேன். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு இந்தியத் துணைத் தூதரகத்தில் அவுட்பாஸ் கொடுத்தார்கள். அவுட்பாஸ் என்பது ஒரே ஒரு முறை, ஊர் திரும்ப மட்டும் செல்லும் காகிதம். வரிசையில் எத்தனை பேர் தெரியுமா? மரத்து நிழல் எல்லாம் ஆட்கள். நம் பக்கத்துத் தெலுங்கும் தமிழும் காதில் விழுந்தது. அழுகை வந்தது.

என் முறை வந்தது. மேசையில் இருந்தவர் நல்லபடியாகத்தான் கேட்டார். "அம்மா, பாஸ்போர்ட் நம்பர்?" தெரியாது. "எந்தத் தேதியில் இந்த நாட்டுக்குள் வந்தீர்கள்?" தெரியாது. "எந்த ஏர்போர்ட்?" துபாய் என்று நினைக்கிறேன் என்றேன். "விசா யார் பெயரில்?" தெரியாது. ஆடிக் கிருத்திகை முடிந்து வந்தேன் என்று சொன்னேன். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். அந்த அதிகாரி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு முன்னால் கடப்பாப் பக்கத்து அக்கா ஒருவர் நின்றார். அவருக்கும் படிப்பு இல்லை. அவருக்கும் பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டதுதான். ஆனால் அவர் புறப்படும்போது அவர் மகன் ஒரு வேலை செய்திருந்தான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாவையும் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அம்மாவின் பைக்குள் வைத்துத் தைத்துவிட்டான். வந்து இறங்கிய தேதியை அந்த அக்கா வேறு ஒருவரிடம் கேட்டு அதிலேயே எழுதி வாங்கி இருந்தார். அவர் வேலை அன்றைக்கே முடிந்தது. எனக்கு என் ஊருக்கு ஆள் விட்டு, பழைய விண்ணப்பத்தின் ரசீதைத் தேடி எடுத்து, நம்பர் வாங்கி, மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று வாரமும் ஒரு அறையில் பதினோரு பேர்.

இரண்டு வருஷம் போனது. கடனும் அடையவில்லை. ஊருக்கு வந்த பிறகுதான் ராத்திரி வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே டீச்சரிடம் சொன்னேன். "அம்மா, ஆடு, இலை எல்லாம் அப்புறம் ஆகட்டும். எனக்கு முதலில் தேதி படிக்கச் சொல்லிக் கொடுங்கள்."

டீச்சர் நல்ல மனசுக்காரி. தேதியில் இருந்தே ஆரம்பித்தார். அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். சென்னையில் ஏறினால் சென்னை என்று இருக்கும். தேதி இருக்கும். அதோடு ஒரு சொல் இருக்கும். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வருகிறவர்களுக்கு 'அரைவல்' என்ற சொல். புறப்படுகிறவர்களுக்கு 'டிபார்ச்சர்' என்ற சொல். முழுச் சொல்லையும் படிக்க வராவிட்டாலும் முதல் எழுத்தைப் பாருங்கள். 'அரைவல்' தொடங்குவது 'ஏ' எழுத்தில். இரண்டு காலை விரித்து நிற்கிற ஏணி, நடுவில் ஒரு கட்டை. 'டிபார்ச்சர்' தொடங்குவது 'டி' எழுத்தில். நிமிர்ந்த முதுகு, முன்னால் தள்ளிய வயிறு. ஏணி என்றால் வந்தாய். வயிறு என்றால் போனாய்.

தேதியில் முதலில் நாள், அடுத்து மாதம், கடைசியில் வருஷம். மாதத்தைச் சில முத்திரைகளில் எண்ணாகப் போடாமல் மூன்று இங்கிலீஷ் எழுத்தில் போடுவார்கள். இங்கேதான் ஏமாறுவோம். ஜூன், ஜூலை இரண்டுக்கும் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றே. கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. மார்ச், மே இரண்டுக்கும் அதே கதை. ஒரு எழுத்து மாறினால் ஒரு மாதம், இரண்டு மாதம் மாறிவிடும். அதனால் மூன்றாவது எழுத்தில் விரலை வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று. ராத்திரி விமானம் ஏறுகிறவர்கள் பயந்துவிடுவார்கள். சென்னையில் 14-ம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு முத்திரை. குவைத்தில் இறங்கும்போது 15-ம் தேதி. இரண்டு தேதி இருக்கிறதே, தப்போ என்று நினைக்க வேண்டாம். நடு ராத்திரியில் தேதி மாறிவிட்டது. அவ்வளவுதான். குவைத்துக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும்.

அரபு நாடுகளில் 'துகூல்' என்றால் உள்ளே வருவது. 'குரூஜ்' என்றால் வெளியே போவது. இந்த இரண்டு சொல்லையும் காதால் கேட்டு மனதில் வையுங்கள். சில காகிதங்களில் எண்களும் அரபு எண்ணாக இருக்கும். அது ஒரு வேடிக்கை. அவர்கள் ஐந்து என்று எழுதுவது நம் கண்ணுக்குச் சுழி மாதிரி இருக்கும். அவர்களுடைய சுழியோ வெறும் ஒரு புள்ளி. அவர்களுடைய ஆறு நம் ஏழு மாதிரி இருக்கும். அவர்களுடைய ஏழு, மேலே வாய் பிளந்த கவண் மாதிரி. அதைக் கவிழ்த்துப் போட்டால் எட்டு. ஒன்றும் ஒன்பதும் நமக்குப் பழகிய முகம்தான். நான் குவைத்தில் இருந்தபோது கடை விலைச்சீட்டைப் பார்த்துப் பார்த்தே இதைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நம் உயிரெழுத்தைவிடச் சுலபம்.

பழைய சவூதி முத்திரை வைத்திருப்பவர்கள் வருஷத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 1415 என்று இருக்கும். அது ஹிஜ்ரி வருஷம். நம் கணக்கில் 1994, 1995. சவூதியில் இன்னொரு விஷயமும் உண்டு. விடுமுறைக்குப் போய்த் திரும்பி வருகிற அனுமதி வேறு. ஒரேயடியாக வெளியேறுகிற அனுமதி வேறு. எது போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும். "லீவில் போய் வா" என்று அனுப்பிவிட்டு, கடைசி வெளியேற்றம் போட்ட கதை எல்லாம் நான் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் பயணம் 2010-ல். இந்த முறை குவைத். பதிவு செய்த ஏஜெண்ட் வழியாகப் போனேன். வேலை ஒப்பந்தத்தில் குவைத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தின் முத்திரை இருந்தது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்கினேன்.

இந்த அனுமதி என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983-ல் நம் நாட்டில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போனால் ஏமாற்றப்படலாம். அதனால் அரசு ஒரு முறை சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பும். அப்படிப்பட்டவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்' என்று அச்சடித்திருப்பார்கள். குடிபெயர்வுச் சோதனை தேவை என்று அர்த்தம். குவைத், சவூதி, கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு நாடு, மலேசியா எல்லாம் சேர்த்து 18 நாடுகள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். 2016-ல் இன்னும் இறுக்கினார்கள். இந்தப் பெண்கள் தனியார் ஏஜெண்ட் வழியாகப் போகக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது.

முதல் தடவை ஏஜெண்ட் ஏன் "சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லச் சொன்னார்? இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். வேலைக்கு என்று சொன்னால் இந்தச் சோதனை வரும். சோதனை வந்தால் ஒப்பந்தம் கேட்பார்கள், சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், காப்பீடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது ஒன்றும் அவரிடம் இல்லை. அந்தச் சோதனையை நான் தொல்லை என்று நினைத்தேன். ஒரு பொய் சொல்லி வேலியைத் தாண்டிப் போனேன். அது என்னைக் காக்கப் போட்ட வேலி.

பத்தாவது தேறினால் பாஸ்போர்ட்டில் இந்த 'ஈ.சி.ஆர்' வராது. திறந்தவெளிப் பள்ளியில் எழுதித் தேறினாலும் பத்தாவதுதான். இங்கே உட்கார்ந்திருக்கிற இரண்டு மூன்று பெண்கள் அந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டி இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

சரி, இரண்டாம் பயணம். சென்னையில் விமானக் கம்பெனிக் கவுண்டரில் போர்டிங் பாஸ் வாங்கினேன். அடுத்து இமிகிரேஷன் வரிசை. அங்கேதான் முத்திரை. அதிகாரி கேட்டார், "எங்கே போகிறீர்கள்?" "குவைத்துக்கு, வீட்டு வேலைக்கு" என்று உரக்கச் சொன்னேன். எத்தனை நிம்மதி! குத்திக் கொடுத்தார். நான் நகரவில்லை. அங்கேயே நின்று பக்கத்தைப் புரட்டினேன். டி எழுத்து. சென்னை. அன்றைய தேதி. வருஷம் 2010. எல்லாம் சரி. பின்னால் நின்றவர் "அம்மா, நகருங்கள்" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும். தேதி தப்பாகவோ, மை படாமலோ இருந்தால் அந்த இடத்தில்தான் சொல்ல முடியும். வீட்டுக்கு வந்த பிறகு யாரிடம் போய்ச் சொல்வது?

குவைத்திலும் அப்படியே பார்த்தேன். வெளியே வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், வந்த தேதி. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

அது எனக்குச் சோறு போட்டது. எப்படி என்று கேளுங்கள். மருத்துவச் சோதனை, கைரேகை எல்லாம் முடிந்து எனக்கு இகாமா கிடைக்க இரண்டு மாதம் ஆனது. இகாமா என்றால் அங்கே தங்குவதற்கான உரிமைச் சீட்டு. வந்த மறுநாளில் இருந்தே வேலை செய்கிறேன். ஆனால் வீட்டுக்கார ஐயா, இகாமா தேதியில் இருந்துதான் சம்பளம் என்றார். நான் சண்டை போடவில்லை. என் நோட்டை எடுத்து வந்து காட்டினேன். "ஐயா, இந்தத் தேதியில் நான் உள்ளே வந்தேன். உங்கள் நாட்டு முத்திரை பாஸ்போர்ட்டில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள்." அவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எனக்குப் படிக்கத் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு மாதச் சம்பளத்தை இரண்டு தவணையாகக் கொடுத்தார். இன்னொரு மாதச் சம்பளம் கடைசிவரை வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். படிப்பு வந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பாஸ்போர்ட்டை முதலாளி ஏன் வைத்திருந்தார் என்று கேட்பீர்கள். அப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாஸ்போர்ட் முதலாளியின் சொத்து இல்லை. நம் சொத்தும் இல்லை. அது இந்திய அரசின் சொத்து. அதிலேயே அச்சடித்திருக்கிறது. 2015-ல் குவைத் அரசு வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஒரு சட்டம் போட்டது. வேலைக்காரரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். எழுதியதற்குப் பிறகும் நடந்தது. ஆனால் கேட்பதற்கு ஒரு வார்த்தை கிடைத்தது.

இதை எல்லாம் சாரிடம் சொன்னபோது அவர் ஒரு பழைய செய்தி சொன்னார். நம் பக்கத்தில் இருந்து வெளிநாடு போவது இன்று நேற்று தொடங்கியது இல்லையாம். 1860-ல் சென்னையில் இருந்து 'ட்ரூரோ' என்று ஒரு கப்பல் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குப் போனது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போன முதல் கப்பல். அதற்குப் பின்னால் 50 வருஷம் கப்பல் கப்பலாகப் போனார்கள். சித்தூர், வட ஆர்க்காடு என்று ஊர்ப்பக்கம் எழுதிய பெயர்கள் அந்தப் பதிவேடுகளில் நிறைய இருக்கின்றன. ஆளுக்கு ஒரு நம்பர். பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, கிராமம், உடம்பில் என்ன மச்சம், எல்லாம் எழுதினார்கள். பாஸ்போர்ட் கிடையாது. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் 1920-ல்தான் வந்தது. சாமானுக்குச் சீட்டு கட்டுவது மாதிரி ஆளுக்குச் சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று போனவர்களில் பல பேருக்குத் தெரியாது. எத்தனை வருஷ ஒப்பந்தம் என்றுகூடத் தெரியாமல் போனவர்கள் உண்டு.

ஆனால் பாருங்கள், அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இன்றைக்கு அந்தப் பதிவேட்டைத்தான் தேடுகிறார்கள். அந்த நம்பரை வைத்துத்தான் சொந்தக் கிராமம் எது என்று கண்டுபிடிக்கிறார்கள். வேறு ஒரு தடயமும் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு என் நோட்டு ஞாபகம் வந்தது.

எச்சரிக்கையாக இரண்டு விஷயம். "உனக்கு விசா தீர்ந்துவிட்டது, கவலைப்படாதே, ஒரு முத்திரை குத்தித் தருகிறேன்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கிட்டே போகாதீர்கள். கள்ள முத்திரை குத்தியவன் ஓடிவிடுவான். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள். 2025-ல் வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில், தெரிந்தே போலிப் பாஸ்போர்ட்டோ போலி விசாவோ பயன்படுத்தினால் இரண்டு வருஷத்தில் இருந்து ஏழு வருஷம் வரை ஜெயில். அபராதம் ஒரு லட்சத்தில் இருந்து பத்து லட்சம் வரை.

அடுத்தது, பக்கம் கிழிப்பது. எங்கே போய் வந்தோம் என்று வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று முத்திரை குத்திய பக்கத்தையே கிழித்துவிட்டு ஏர்போர்ட்டில் மாட்டிய ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், செய்தித்தாளில் வந்ததுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் இருக்கிறது. சாதாரணப் பாஸ்போர்ட் 36 பக்கம். ஒரு தாள் குறைந்தாலும் தெரிந்துவிடும். போன விவரம் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. குழந்தை கையில் கொடுத்து அது பேனாவால் கிறுக்கினாலும் வம்புதான்.

பத்து வருஷம் முடிந்து புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது, பழையதில் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். நமக்குத் திருப்பதியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

நம் மையத்துத் தம்பி ஒருவன் கேட்டான். "அத்தை, இப்போது எல்லாம் முத்திரையே கிடையாதாமே?" அவன் சொல்வதும் சரிதான். சிங்கப்பூரில் இப்போது மை முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற சீட்டு ஈமெயிலில் வருகிறது. ஐரோப்பா நாடுகளில் 2025 அக்டோபரில் இருந்து முத்திரைக்குப் பதில் முகத்தையும் விரல் ரேகையையும் கம்ப்யூட்டரில் பதியத் தொடங்கினார்கள். குவைத் 2019-லும் ஐக்கிய அரபு நாடு 2022-லும் இகாமாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டுவதை நிறுத்தி அடையாள அட்டையில் ஏற்றிவிட்டன. நம் நாட்டிலும் 2017 ஜூலையில் இருந்து, இந்தியர்கள் புறப்படும்போது நிரப்புகிற படிவத்தை எடுத்துவிட்டார்கள். அது நல்லது. அந்தப் படிவத்தை எழுதிக்கொடுக்கச் சொல்லி எத்தனை பேரிடம் கெஞ்சி இருப்பேன்!

எனக்கு ஒரு சிரிப்பு வருகிறது. கைநாட்டை விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டு எழுத்துக் கற்றோம். இப்போது அவர்களுடைய மெஷின் மறுபடியும் விரலை நீட்டு என்கிறது.

ஆனால் மை முத்திரையை நாம் கண்ணால் பார்க்கலாம். கம்ப்யூட்டருக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது. அதனால் முத்திரை இல்லாத நாட்டுக்குப் போகிறவர்கள் போர்டிங் பாஸைக் கிழித்து எறியாமல் வைத்திருங்கள். அதில் தேதி இருக்கிறது. விசாத் தாளை அச்செடுத்து ஒன்று உங்கள் பையில், ஒன்று வீட்டுப் பெட்டியில். போனில் ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ஈமெயில் உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏஜெண்டின் பெயரில் வேண்டாம். அந்தச் சீட்டு அவருக்குப் போய்விட்டால் 2005-ல் என் பாஸ்போர்ட் போன கதைதான்.

நிறையப் பேசிவிட்டேன். இதோ, என் பழைய பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். 2009-ல் எடுத்தது. 2019-ல் முடிந்தது. ரத்தானது, அதனால் பயப்படாமல் தொடலாம். கை ஈரத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள். முன் வரிசையில் இருந்து ஒவ்வொருவராக வாங்கிப் பாருங்கள். ஒன்பதாம் பக்கத்தைத் திருப்புங்கள். அதில் நான்கு முத்திரை இருக்கிறது. ஒன்று மங்கிப்போயிருக்கும். ஏணி எழுத்து எது, வயிறு எழுத்து எது என்று முதலில் பாருங்கள். பிறகு தேதி. நான் எந்த நாளில் போனேன், எந்த நாளில் வந்தேன், ஊரில் எத்தனை நாள் இருந்தேன் என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத வேண்டாம். கண்ணாடி கொண்டு வராதவர்களுக்கு என் கண்ணாடி தருகிறேன். முதலில் நீங்கள் வாருங்கள், பெரியம்மா.